கவியரங்கமும் கவிதைப் போட்டியும் – நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்



எங்கள் ஊர் ஸ்கெலட்டன். கோலார் தங்கவயலுக்குப் புதிதாக வருகிறவர் இந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பார். "எலும்புக்கூடா?" என்பார். நாங்களும் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுப்போம். அந்தப் பெயரைச் சொல்லித்தான் மூன்று தலைமுறையாகக் கடிதம் வந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கவிதை வாசிப்புப் போட்டி வைத்திருந்தார்கள். மார்க்குப் போட உட்கார்ந்த மூவரில் நானும் ஒருவன். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையில் தாளோடு வந்து நின்றாள். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், ஊர் அடங்கிய பிறகு திரும்பும் தன் அப்பாவைப் பற்றிப் படித்தாள். ஞாயிறுதோறும் வெளிவரும் வார இதழைப் போல அப்பாவின் முகத்தை வாரத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறேன் என்ற கருத்தில் நாலு வரி வந்தது. அவளுடைய சொற்கள் இதைவிட எளிமையாக இருந்தன. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அரங்கத்தில் சத்தமே இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஷாப்டு" என்று ஒரு சொல் வந்தது, "லைன்" என்று ஒரு சொல் வந்தது. "தூய தமிழ் இல்லை" என்று மார்க்கைக் குறைத்தேன். அவளுக்கு மூன்றாம் பரிசுகூடக் கிடைக்கவில்லை. எதுகை மோனையோடு தமிழன்னையைப் புகழ்ந்து படித்த ஒரு பையன் முதல் பரிசை வாங்கிப் போனான். அவன் என்ன சொன்னான் என்று இன்று என்னைக் கேட்டால் ஒரு வரியும் நினைவில்லை.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்ணின் தாளை வாங்கிப் பார்த்தேன். அத்தனையும் கன்னட எழுத்து. "தமிழ் எழுதத் தெரியாது தாத்தா, பேசத்தான் தெரியும்" என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மேடைக் கவிதை என்றால் என்ன, அதை எப்படி எழுதுவது, எப்படிக் கேட்பது, எப்படி மதிப்பிடுவது என்று நான் மறுபடியும் படிக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சிகாகோவில் ஒரு கட்டடத் தொழிலாளி

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் "பொயட்ரி ஸ்லாம்", "ஓப்பன் மைக்" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். கோரமங்களா, இந்திராநகர் பக்கத்துப் புத்தகக் கடைகளிலும் காபிக் கடைகளிலும் சாயங்காலம் கூடுகிறார்கள். ஒருவர் பின் ஒருவராக மைக் முன் நின்று தாம் எழுதியதைப் படிக்கிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலம், கொஞ்சம் இந்தி, கொஞ்சம் கன்னடம். தமிழ் எப்போதாவது வரும்.

இந்த ஸ்லாம் என்ற போட்டியைத் தொடங்கியவர் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தைச் சேர்ந்த மார்க் ஸ்மித். அவர் பேராசிரியர் அல்ல, கட்டட வேலை செய்தவர். கவிதை வாசிப்புக் கூட்டங்கள் அறிஞர்களுக்காக அறிஞர்கள் நடத்தும் சடங்காகிப் போனதைக் கண்டு அலுத்து, 1980களின் நடுவில் ஒரு மதுக்கடையில் சாதாரண சனங்களுக்கு முன்னால் கவிதை படிக்கும் மாலைகளை நடத்தத் தொடங்கினார். 1986 இல் கிரீன் மில் என்னும் இசை விடுதியில் அது வாராந்தர நிகழ்ச்சியாக நிலைபெற்றது. 1990 இல் சான்பிரான்சிஸ்கோவில் நாடளாவிய முதல் போட்டி நடந்தது. பிறகு உலகமெங்கும் பரவியது.

அதன் விதிகள் எளியவை. கவிதை சொந்தமாக எழுதியதாக இருக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். வேடமோ வாத்தியமோ கூடாது. இவை போகட்டும், எனக்குப் பிடித்த விதி வேறு. நடுவர்கள் புலவர்கள் அல்ல. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் ஐந்து பேரை அங்கேயே பிடித்து, கையில் அட்டையைக் கொடுத்து, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் மார்க்குப் போடச் சொல்கிறார்கள். மிக அதிகமான மார்க்கையும் மிகக் குறைவான மார்க்கையும் தள்ளிவிட்டு மீதி மூன்றைக் கூட்டுகிறார்கள். அதனால் என்னைப் போல ஒரு ஆள் தப்புக் கணக்குப் போட்டாலும் பெரிய பாதகம் வராது. வேண்டியவனுக்கு ஒருவர் பத்துக்குப் பத்து அள்ளிக் கொடுத்தாலும் பலிக்காது. நம் ஊர்ப் போட்டிகளுக்கு இந்த ஒரு விதியையாவது உடனே இறக்குமதி செய்யலாம் என்பது என் எண்ணம்.

நம்மிடம் இல்லாததா?

சிகாகோக்காரரைப் பாராட்டும்போது, இது நமக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தமிழில் கவிதை முதலில் காதுக்குத்தான் வந்தது, கண்ணுக்குப் பிறகுதான். நூல் எழுதியவர் அதை அவையில் படித்துக் காட்டி ஒப்புதல் பெற்றால்தான் அது நூல். இதுவே அரங்கேற்றம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியதாக அதன் பாயிரம் சொல்கிறது. கம்பர் திருவரங்கத்தில் அரங்கேற்றினார் என்பது வழிவழிச் செய்தி. காளமேகப் புலவர் பற்றிய கதைகளோ முழுக்க முழுக்கப் போட்டிக் கதைகள். கேட்டவர் கேட்ட பொருளில், கேட்ட கணத்தில் பாட வேண்டும். தவறினால் உயிருக்கே ஆபத்து என்கிற அளவுக்கு அந்தக் கதைகள் சூடேறியிருக்கின்றன.

கதையாக இல்லாமல் நாள் தேதியோடு நமக்குக் கிடைப்பது செய்குத்தம்பிப் பாவலரின் நிகழ்ச்சி. நாகர்கோவில் இடலாக்குடியைச் சேர்ந்த இவர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார். ஒரே நேரத்தில் நூறு வகைக் கேள்விகளையும் வேலைகளையும் மனத்தில் வாங்கிக்கொண்டு, இடையிடையே கேட்ட ஈற்றடிக்கு வெண்பாவும் சொல்லும் வித்தை அது. ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வது அந்நாளில் எல்லா அவையிலும் உண்டு. எட்டயபுரத்தில் சிறுவன் சுப்பையாவைச் சீண்ட ஒருவர் ஈற்றடி கொடுத்ததும், அந்தப் பிள்ளை அதையே அவர் பக்கம் திருப்பிவிட்டதும் நீங்கள் அறிந்த கதைதான்.

ஆனால் ஸ்லாமுக்கு மிக நெருங்கிய உறவு புலவர் அவையில் இல்லை, தெருவில் இருக்கிறது. தஞ்சை மாவட்டத்து லாவணிதான் அது. மராத்தியர் ஆட்சிக் காலத்தில் வந்து தமிழாகிப்போன கலை. மாசி மாதத்துக் காமன் பண்டிகையில் இரண்டு கட்சிகள் எதிரெதிரே உட்காரும். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. டேப்பைத் தட்டிக்கொண்டு ஒரு கட்சி பாட்டிலேயே கேள்வி கேட்கும். மறு கட்சி பாட்டிலேயே பதில் சொல்லி, பாட்டிலேயே எதிர்க்கேள்வி போடும். புராணம், கணக்கு, விடுகதை, கிண்டல் எல்லாம் வரும். விடியும்வரை நடக்கும். பதில் சொல்ல முடியாமல் திணறுகிறவரைச் சனங்களே சிரித்து உட்கார வைத்துவிடுவார்கள். நடுவர் யார்? தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்கள்தான். மார்க் ஸ்மித் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

உருது மொழியினரின் முஷாயிராவையும் இங்கே சொல்லியாக வேண்டும். நமக்குப் பக்கத்திலுள்ள வாணியம்பாடியில் அது வாழும் மரபு. கவிஞர் ஒரு அடியைச் சொல்லி நிறுத்துவார், சபை "வாஹ்" என்னும். மறுபடி அதே அடியைச் சொல்லுவார். சபையின் காது இரண்டாம் அடிக்காகத் துடிக்கும்போதுதான் அதை அவிழ்ப்பார். அந்த வாணியம்பாடியின் இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர்தாம் கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017). தமிழில் கஜல் எழுதியவர், கவியரங்கத் தலைமைக்குப் பெயர் பெற்றவர். ஒரு அடியை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு வெகு சிலருக்கே தெரியும். 1999 இல் "ஆலாபனை" நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

கவியரங்கம் – அதன் நிறையும் குறையும்

இப்போது நாம் அறிந்த கவியரங்கம் இருபதாம் நூற்றாண்டுப் பிள்ளை. 1939 இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம், அதன் பிறகு ஊர் ஊராக எழுந்த இலக்கிய மன்றங்கள், அகில இந்திய வானொலி, திராவிட இயக்க மாநாட்டு மேடைகள் எல்லாம் சேர்ந்து அதை வளர்த்தன. வானொலியார் 1956 முதல் குடியரசு நாளையொட்டி எல்லா இந்திய மொழிக் கவிஞர்களையும் கூட்டிக் கவியரங்கம் நடத்தி ஒலிபரப்பி வந்திருக்கிறார்கள். 1969 இல் அறிஞர் அண்ணா மறைந்தபோது கலைஞர் கருணாநிதி வானொலியில் படித்த இரங்கற்பாவைக் கேட்டவர்கள் அதை மறக்கவில்லை. தாளில் பார்த்தவரைவிடக் காதில் கேட்டவரே அதிகம். 1970களில் கோவையில் எழுந்த வானம்பாடிக் கவிஞர்கள் யாப்பை விட்டுவிட்ட புதுக்கவிதையையும் மேடையேற்றலாம் என்று காட்டினார்கள்.

கவியரங்கத்தின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். ஒரு பொதுத் தலைப்பு. அதன் கிளையாக ஆளுக்கு ஓர் உட்தலைப்பு. தலைவர் தம் கவிதையைப் படித்துவிட்டு, அடுத்தவரைக் கவிதையாலேயே அழைப்பார். வந்தவர் தமிழ் வணக்கம், தலைவர் வணக்கம், அவையடக்கம் சொல்லித் தலைப்புக்குள் நுழைவார். நல்ல அடி விழுந்தால் சபை "மீண்டும்!" என்னும். இந்த "மீண்டும்" என்ற குரலுக்காக எத்தனை மைல் வேண்டுமானாலும் பஸ்ஸில் போகிற கவிஞர்களை எனக்குத் தெரியும்.

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். வணக்கத்திலேயே பாதி நேரம் போய்விடுகிறது. தலைவரின் புகழை எட்டுக் கவிஞர்களும் எட்டு முறை பாடுகிறார்கள். நடுவில் பொன்னாடை. பிறகு வராத பிரமுகருக்காகக் காத்திருத்தல். பிள்ளைகள் வெளியே போய் விளையாட ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு பொன்னாடை விலையில் இரண்டு தமிழ் வாசிப்புப் புத்தகம் வாங்கலாம். இதைச் செயற்குழுவில் சொன்னபோது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், மறுபடியும் சொல்வேன்.

ஸ்லாமில் இதற்கு நேர் எதிரான குறை. மூன்று நிமிடத்தில் மார்க்கு வாங்க வேண்டும் என்பதால் எல்லோரும் உரக்கவே பேசுகிறார்கள். துக்கத்தைச் சொன்னால் மார்க்கு விழும் என்று தெரிந்ததும் இல்லாத துக்கத்தையும் கொண்டுவருகிறார்கள். மெல்லிய கவிதை அங்கே தோற்றுப்போகும். ஆகவே இரண்டையும் கலந்து நம் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்வதே நல்லது.

தங்கவயலில் என்ன இருந்தது

1880 இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையை எடுத்துக்கொண்ட பிறகு வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து நம் முன்னோர் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 1902 இல் சிவசமுத்திரத்திலிருந்து இங்கே மின்சாரம் வந்தது. பெங்களூருக்கே அது பிறகுதான் போனது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. இவை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதிகம் பேர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இது சுரங்க ஊர் மட்டும் அல்ல, படிப்பு ஊரும்கூட. அயோத்திதாசப் பண்டிதர் 1907 இல் சென்னையில் தொடங்கிய "தமிழன்" இதழுக்குத் தங்கவயல் தொழிலாளர்கள் பெரிய துணை. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இருந்தது. பண்டிதர் 1914 இல் மறைந்தார். 1926 முதல் ஜி. அப்பாதுரையார் அதே இதழை இந்தத் தங்கவயலிலிருந்து நடத்தினார். பகலில் பூமிக்கடியில் பாறை உடைத்தவர்கள் மாலையில் கூடி ஒருவர் படிக்க மற்றவர் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இதழ் போய்ச் சேர்ந்தது காதின் வழியாகத்தான்.

சென்னையில் தொடங்கிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற பாட்டுக் குழுவை உங்கள் வீட்டு இளைஞர்கள் கேட்டிருப்பார்கள். அந்தப் பெயரே பண்டிதரின் "சாதியற்ற தமிழர்" என்ற கருத்திலிருந்து எடுத்ததுதான். கானாவும் ராப்பும் கலந்து அவர்கள் பாடுவதை மேடைக் கவிதையின் இன்றைய வடிவம் என்றே நான் கொள்கிறேன். என் வயதுக்கு அந்தச் சத்தம் கொஞ்சம் அதிகம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது. பல கவியரங்குகளில் அது விளங்குவதில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஷிப்டுச் சங்கு நின்றது. ஷிப்டுக்கு ஏற்றபடி ஓடிய ஊர், ரயிலுக்கு ஏற்றபடி ஓட ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பெங்களூர் போய்வருகிறார்கள். வார நாள் மாலை என்பதே நம் வீடுகளில் இல்லாமல் போயிற்று. பிள்ளைகள் கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கிறார்கள். படிக்கட்டும், கன்னட நாட்டில் கன்னடம் படிப்பது சரியே. ஆனால் வீட்டில் பேசும் தமிழுக்கு எழுத்து இல்லாமல் போகிறது. அந்தப் பெண்ணின் கன்னடத் தாளில் நான் பார்த்தது இதைத்தான்.

காதுக்கு எழுதும் முறை

இனிப் பாடத்துக்கு வருவோம். பெற்றோர் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. படிக்கிறவர் புரியாவிட்டால் பக்கத்தைத் திருப்பி மறுபடி பார்க்கலாம். கேட்கிறவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே யாரைப் பற்றி, எங்கே, எப்போது என்பது முதல் நாலு வரிக்குள் வந்துவிட வேண்டும். "அப்பா", "மாரிக்குப்பம் ஸ்டேஷன்", "நாலு மணி" என்று சொன்னால் போதும், சபை உங்களோடு ரயிலேறிவிடும். "வாழ்க்கைப் பயணத்தின் வலிமிகு தடங்களில்" என்று தொடங்கினால் யாரும் ஏற மாட்டார்கள்.

இரண்டாவது, ஓசை. நம் யாப்பு கேட்கிறவருக்காகவே பிறந்தது. மேடையில் மிகுதியாகப் பயன்பட்டது எண்சீர் ஆசிரிய விருத்தம். ஓர் அடியில் எட்டுச் சீர். பாதியில் ஒரு சிறு நிறுத்தம். அரையடிக்குக் காய், காய், மா, மா என்ற வாய்பாடு. ஒன்றாம் சீரும் ஐந்தாம் சீரும் மோனையால் கைகோக்கும். அடிக்கு அடி இரண்டாம் எழுத்து எதுகையால் ஒன்றும். பாடத்துக்காக நான் கட்டிய இரண்டு அடிகளைப் பாருங்கள். கவிதை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்:

மண்ணடியில் பொன்தேடி வாழ்ந்தார் முன்னோர்
மனத்தடியில் தமிழ்தேடி வந்தோம் நாமே
கண்ணிரண்டும் இருண்டாலும் காது கேட்கும்
கவிபாடக் குரலொன்று போதும் தம்பி

நாலு வரியாக அச்சிட்டிருந்தாலும் கணக்கில் இவை இரண்டு அடிகள்தாம். "மண்ணடியில்" என்பதும் "மனத்தடியில்" என்பதும் மோனை. "மண்" என்பதும் "கண்" என்பதும் எதுகை. விரலால் தொடையில் தட்டிக்கொண்டு சொல்லிப் பாருங்கள். "வாழ்ந்தார் முன்னோர்" என்ற இடத்தில் மூச்சு தானாக இறங்கும். மூச்சு விடும் இடத்தை யாப்பே குறித்துக் கொடுத்துவிடுகிறது. பிள்ளைக்கு அசை பிரிக்கத் தெரிய வேண்டியதில்லை. பத்து முறை தட்டிச் சொன்னால் பதினோராவது முறை புதிய அடி அதே தட்டில் வந்து விழும்.

ஆனால் மோனைக்காக மோனை போடுவது நோய். "சுரங்கச் சுவர்களில் சுழலும் சுவடுகளின் சுமை" என்று ஒருவர் படித்தால் கைதட்டு விழலாம். வீட்டுக்குப் போகும் வழியில் "என்ன சொன்னாரு?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. உப்பு ருசியைக் காட்டுவதற்கு, உப்பையே பரிமாறலாகாது.

புதுக்கவிதை எழுதுகிறவர்களுக்கு யாப்பு இல்லை, ஆனால் தட்டு வேண்டும். அதற்கு ஒரு வழி, ஒரு சிறு தொடரை மூன்று இடங்களில் திரும்பச் சொல்வது. ஒவ்வொரு முறை வரும்போதும் அதன் பொருள் கொஞ்சம் மாறியிருக்க வேண்டும். உதாரணமாக, "சங்கு ஊதிடுச்சு" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை தாத்தா வேலைக்குக் கிளம்புகிறார். இரண்டாம் முறை விபத்து, பெண்கள் ஷாப்டு வாசலுக்கு ஓடுகிறார்கள். மூன்றாம் முறை சங்கு ஊதவே இல்லை, ஆனாலும் தாத்தா பழக்கத்தில் எழுந்து உட்கார்கிறார். சொல் ஒன்றுதான், மூன்று காலம் வந்துவிட்டது.

மூன்றாவது, சொல். "ஷாப்டு", "லைன்", "ஷிப்டு" எல்லாம் இந்த மண்ணில் நூறாண்டாக நம் பாட்டிமார் வாயில் புழங்கியவை. அவற்றுக்கு அகராதிச் சொல் தேடி வைத்தால் அந்தப் பாட்டிக்கே புரியாது. சயனைடு மலையைச் சயனைடு மலை என்றுதான் சொல்ல வேண்டும். நான் மார்க்குக் குறைத்தது தவறு. அதே சமயம், "ஐ மீன்", "ஆக்சுவலி" என்று நிரப்புவது வேறு சங்கதி. ஒன்று ஊர்ச் சொல், மற்றது சோம்பல். இரண்டுக்கும் வித்தியாசம் பிள்ளைகளுக்கே தெரியும், கேட்டுப் பாருங்கள்.

நான்காவது, உச்சரிப்பு. இதில்தான் கன்னட எழுத்தில் எழுதிப் படிக்கும் பிள்ளைகள் தடுக்கிவிழுகிறார்கள். கன்னடத்தில் இன்று ழகரத்துக்கும் றகரத்துக்கும் எழுத்து இல்லை. பழைய கன்னடத்தில் இரண்டும் இருந்தன, பின்னாளில் வழக்கொழிந்தன. ஆகவே பிள்ளை "மழை" என்பதை ளகரத்தால் எழுதி "மளை" என்றே படிக்கும். திட்டாதீர்கள். தாளில் அந்த எழுத்துக்கு அடியில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுங்கள். கோடு வந்தால் நாக்கை மேலே வளைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். ஒரு வாரத்தில் "மழை" பெய்யும். கன்னட எழுத்தால் ஒரு நன்மையும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. "தங்கம்" என்பதில் ககரம் எப்படி ஒலிக்கிறது, "பக்கம்" என்பதில் எப்படி ஒலிக்கிறது என்று அந்த எழுத்து பிரித்துக் காட்டிவிடுகிறது. தமிழ் எழுத்தைப் புதிதாகக் கற்கும் பிள்ளை அங்கேதான் குழம்பும்.

இந்தச் சிவப்புக் கோடுதான் என்னைப் பொறுத்தவரை வாசல். ழகரத்துக்கு எழுத்து வேண்டும் என்று பிள்ளைக்கே தோன்றும்போது தமிழ் எழுத்தைக் காட்டினால், முதலில் "ழ", பிறகு "ற", பிறகு "ன" என்று தன் கவிதைக்கு வேண்டியதை அதுவே கேட்டு வாங்கிக்கொள்கிறது. அரிச்சுவடியில் "அ"விலிருந்து தொடங்கி "ஊ"வோடு ஓடிப்போன பிள்ளைகள் எத்தனையோ பேர்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். மூன்று நிமிடம் என்பது குறைவல்ல. நிதானமாகப் படித்தால் முழுத்தாளில் ஒன்றரைப் பக்கம் தாண்டாது. கடிகாரம் வைத்து வீட்டில் நாலு முறை படித்துவிட்டு வர வேண்டும். முதல் வரியும் கடைசி வரியும் மனப்பாடமாக இருக்கட்டும். அந்த இரண்டு இடங்களிலாவது தலை நிமிர்ந்து சனங்களைப் பார்க்க முடியும்.

நடத்துகிறவர்களுக்கு

பெரிய மண்டபம் வேண்டாம். ஒரு வீட்டு முற்றம், ஒரு மைக், டீ, முப்பது நாற்காலி போதும். சிங்கப்பூரில் கவிமாலை என்ற அமைப்பு மாதந்தோறும் கவிஞர்களைக் கூட்டி வந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு பெருவிழாவைவிட மாதம் ஒரு சிறு கூட்டமே ஆளை வளர்க்கும் என்பதற்கு அது சாட்சி. நமக்கு ஞாயிறு மாலை மட்டுமே உண்டு. ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஏழுக்கு முடித்துவிட வேண்டும். மறுநாள் விடியுமுன் ரயில் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு மார்க்கே வேண்டாம். படித்த ஒவ்வொரு குழந்தைக்கும் சபையிலிருந்து ஒருவர் எழுந்து, தமக்குப் பிடித்த ஒரு வரியைத் திருப்பிச் சொன்னால் போதும். பெரியவர்களுக்குப் போட்டி வைக்கலாம். ஐந்து நடுவர்களைக் கூட்டத்திலிருந்து எடுங்கள், அதில் இருவராவது பெண்களாக இருக்கட்டும், ஒருவராவது சுரங்கத்தில் வேலை செய்தவராக இருக்கட்டும். தமிழ் வாத்தியார் ஒருவருக்கு மேல் வேண்டாம். சொல்கிற நானும் அந்தக் கட்சிதான்.

தலைமைக் கவிஞர் என்ற மரபை விட்டுவிட வேண்டியதில்லை. அடுத்தவரைக் கவிதையால் அழைக்கும் வழக்கம் ஸ்லாமில் இல்லாத அழகு. ஆனால் தலைவருக்கும் மூன்று நிமிடம்தான்.

அந்த மாணவியின் வீட்டுக்குப் பிறகு ஒரு நாள் போனேன். அவள் அப்பா வீட்டில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமைதான். "அன்னைக்கு நான் மார்க்கு போட்டது தப்பும்மா" என்றேன். "பரவாயில்ல தாத்தா, அப்பா கேட்டாரில்ல" என்றாள். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் அந்தக் கன்னடத் தாளை எடுத்துவந்து காட்டினார். மடித்து மடித்து ரயில் பாஸ் உறையில் வைத்திருந்தார். ஓரத்தில் யாரோ புதிதாக, கோணல் மாணலாக, தமிழில் நாலு "ழ" எழுதிப் பழகியிருந்தார்கள். மகளா அப்பாவா என்று நான் கேட்கவில்லை.

இந்த இதழுக்கான பயிற்சியாக ஓர் ஈற்றடி தருகிறேன். இதற்கு முன் வரவேண்டிய மூன்று அடிகளை நீங்கள் எழுதுங்கள். ஒவ்வொரு அடியிலும் இரண்டாம் எழுத்து "ங்" ஆக இருக்க வேண்டும். "தங்கம்" என்ற சொல்லே எதுகைக்காக வந்து நிற்கிறது பாருங்கள்.

எங்கேயோ கேட்கிறது சங்கின் ஓசை
இங்கேதான் இருக்கின்றோம் என்று சொல்வோம்

யாப்பு வராதவர்கள் இதையே தலைப்பாகக் கொண்டு புதுக்கவிதையாக எழுதலாம். வயதைக் குறிப்பிடுங்கள். கன்னட எழுத்தில் எழுதினாலும், ஆங்கில எழுத்தில் எழுதினாலும் எடுத்துக்கொள்வோம். தமிழில் பெயர்த்து எழுதித் திருப்பி அனுப்பும் வேலை என்னுடையது. ழகரம் வரும் இடங்களில் மட்டும் சிவப்புக் கோடு போட்டு அனுப்புங்கள்.